குதிகாலுக்கு ஒரு ஊசி, அப்படியே அம்மாவுக்கும் ஒண்ணு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால சொல்லல. செங்கல்பட்டுல வீடு, மகேந்திரா சிட்டில வேலை. தை மாசம் கல்யாணம். முகூர்த்தம் ஊர்ல, ரிசப்ஷன் மாமல்லபுரம் பக்கத்துல ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டுல. ஹீல்ஸ் போட்டுக்கிட்டு நாலு மணி நேரம் மேடையில நிக்கணும், அதுக்கு முன்னாடி கடற்கரையில போட்டோஷூட் வேற. பிரச்சினை என்னன்னா, மூணு மாசமா காலையில எழுந்து தரையில முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி வலி.

சருமத்துக்காக ஒரு கிளினிக் போயிருக்காங்க. எந்த கிளினிக்னு நான் கேட்கல. அங்க, “பாதத்துக்கு ஃபில்லர் போட்டுக்கோங்க, ஹீல்ஸ் போட்டாலும் மெத்தை மேல நிக்கிற மாதிரி இருக்கும், குதிகால் வலியும் போயிடும்”னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரா வந்தா விலை குறையுமாம். வாய்ஸ் நோட்டோட கடைசி வரி இது: “அக்கா, அப்படியே அம்மாவுக்கும் போட்டுடலாமான்னு யோசிக்கிறேன். அவங்களுக்கு பத்து வருஷமா சுகர், கால் எப்பவும் ஏதோ ஒரு தொந்தரவு.”

பொண்ணோட கேள்விக்கு ஓரளவு நிதானமா பதில் சொல்லலாம். அம்மாவைப் பத்தின அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த எபிசோடையே பண்றேன்.

முதல்ல, பாதத்துக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். ஒரு பாதத்துல 26 எலும்பு. அதுக்குக் கீழ, தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல, ஒரு கொழுப்பு மெத்தை. குதிகால்லயும் விரல்களுக்குப் பின்னாடி இருக்கிற மேடான பகுதியிலயும் இது நல்லா தடிமனா இருக்கும். கொழுப்புன்னதும் வயித்துல தொங்குற கொழுப்பு மாதிரி நினைக்காதீங்க. ஒரு சாத்துக்குடி சுளையைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள சின்னச் சின்னப் பைகளா இருக்கும், ஒவ்வொரு பைக்கும் தனித்தனி சுவர். குதிகால் கொழுப்பும் அப்படித்தான். நார்ச்சுவர் கட்டின அறைகள், ஒவ்வொரு அறையிலயும் கொழுப்பு. மேல இருந்து எடை இறங்கும்போது அது பக்கவாட்டுல ஒழுகிப் போகாம அந்தச் சுவர்தான் தடுக்குது. நடக்கும்போது உடம்பு எடையை விடக் கொஞ்சம் அதிகமாவே ஒரு கால்ல இறங்கும். ஓடும்போது ரெண்டு மூணு மடங்கு. இதை வாழ்நாள் முழுக்க வாங்கிக்கிற ஒரு மெத்தைக்கு நாம யாரும் நன்றி சொன்னதில்ல.

வயசாகும்போது இந்த மெத்தை மெலியும், அதோட மீள் தன்மையும் குறையும். ஸ்டீராய்டு ஊசி திரும்பத் திரும்ப அதே இடத்துல போட்டாலும் மெலியும். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

ஃபில்லர்னா என்ன? இப்ப பெரும்பாலும் போடுறது ஹையலூரானிக் ஆசிட் ஜெல். ஆசிட்னு பேர் இருக்கே தவிர எரிக்கிற சமாச்சாரம் இல்ல. 1934ல கார்ல் மேயர், ஜான் பால்மர்னு ரெண்டு பேர் மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கிற கூழ்ல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. நம்ம தோல்லயும் மூட்டுகள்லயும் இயற்கையாவே இருக்கு. தண்ணியை நல்லா பிடிச்சு வச்சுக்கும், அதனால உப்பலா நிக்கும். கன்னம், உதடு, மூக்கோரக் கோடு இதுக்கெல்லாம் பல வருஷமா போடுறாங்க. அமெரிக்காவுல எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்திருக்கிறது முகம், புறங்கை மாதிரியான இடங்களுக்குத்தான். உள்ளங்காலுக்கு இல்ல. அப்ப பாதத்துல போடுறது டாக்டரோட சொந்தப் பொறுப்புல, ஒப்புதல் இல்லாத இடத்துல போடுறது. மருத்துவத்துல இப்படி நிறைய நடக்கும், அது மட்டுமே குற்றம் இல்ல. ஆனா அதை வாய் திறந்து சொல்லிட்டுப் போடணும். நம்ம தோழிகிட்ட யாரும் சொல்லல.

மேலை நாட்டுல இதுக்கு ‘லூப் ஜாப்’னு ஒரு செல்லப் பேரே இருக்கு. சிவப்பு அடிப்பாகம் வச்ச லூபுட்டான் ஹீல்ஸ் இருக்கே, அந்தப் பேர்ல இருந்து வந்தது. ஹீல்ஸ் போட்டா எடை முழுக்க முன்பாதத்துக்குச் சாயும். விரலுக்குப் பின்னாடி இருக்கிற மேடு எரியும். அந்த இடத்துல ஜெல்லைப் போட்டு ஒரு செயற்கை மெத்தை கட்டுறாங்க. சில மாசத்துல கரைஞ்சிடும். எடை தாங்குற இடம்கிறதால கன்னத்துல நிக்கிற அளவுக்கு நிக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது. சாத்துக்குடிப் பையை ஞாபகம் வச்சுக்கோங்க. ஜெல்லுக்குத் தனியா சுவர் கிடையாது. அழுத்த அழுத்த நகரலாம். நகர்ந்து ஒரு இடத்துல கட்டியா நின்னா, செருப்புக்குள்ள எப்பவும் ஒரு கூழாங்கல்லோட நடக்கிற மாதிரி இருக்கும். கிருமித் தொற்று வரலாம். ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைச்சா அந்தப் பகுதி தோலே கருத்துப் போகலாம். இதெல்லாம் எல்லாருக்கும் நடக்காது. ஆனா முகத்துல வந்தா கண்ணாடியில பார்த்து உடனே ஓடுவோம். உள்ளங்காலை யார் தினமும் பார்க்கிறோம்?

இன்னொரு விஷயம். ஹையலூரானிக் ஜெல் ஏடாகூடமானா ஹையலூரானிடேஸ்னு ஒரு என்சைம் போட்டுக் கரைக்கலாம். சிலிக்கான் திரவம்னா கரைக்க வழியே இல்ல. அதனால யாராவது ‘பெர்மனென்ட்’னு சொன்னா, அந்த வார்த்தையிலயே எழுந்து வந்துடுங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஊசி வழியா பாதத்துக்கு மெத்தை கட்டுறதுங்கிற யோசனையே முட்டாள்தனம்னு நான் சொல்ல வரல. 1960கள்லயே லாஸ் ஏஞ்சலஸ்ல சால் பால்கின்னு ஒரு பாத மருத்துவர் கால் ஆணி இருக்கிற இடங்கள்ல சிலிக்கான் திரவத்தை சொட்டுச் சொட்டா போட ஆரம்பிச்சார். 2000ல சர்க்கரை நோயாளிகளை வச்சு இங்கிலாந்துல நடந்த சோதனையில அழுத்தம் குறைஞ்சதுன்னு வந்துச்சு; ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்தப் பலன் தேய்ஞ்சிருந்துச்சு. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல நோயாளியோட வயித்துக் கொழுப்பையே எடுத்துப் பாதத்துல போட்டுப் பார்த்தாங்க. போட்ட தடிமன் சில மாசத்துல போயிடுச்சு, ஆனா வலி குறைஞ்சது குறைஞ்சபடியே இருந்துச்சு. அது ஏன்னு யோசிக்க வைக்கிற முடிவு. ஆனா இதெல்லாம் கொழுப்பு மெத்தை உண்மையிலேயே தேய்ஞ்சவங்களைத் தேர்ந்தெடுத்து, அளந்து, கண்காணிச்சுப் பண்ணினது. ரிசப்ஷனுக்கு மூணு வாரம் முன்னாடி, ஜோடியா வந்தா சலுகைன்னு பண்ணினது இல்ல.

சரி, நம்ம தோழியோட வலிக்கு வருவோம். போன் பண்ணிப் பேசினேன்.

“காலையில முதல் அடி மட்டும்தானா, நாள் முழுக்கவா?”

“முதல் பத்து அடிதான் அக்கா உயிர் போகும். அப்புறம் பரவாயில்ல. ஆபீஸ்ல ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு எழுந்தா மறுபடி வரும்.”

“எங்க வலிக்குது, விரலை வச்சுக் காட்டு பார்க்கலாம்.”

வீடியோ கால்ல காலைத் தூக்கிக் காட்டினா. குதிகாலோட உள்பக்க அடி. பெருவிரல் பக்கமா, வளைவு தொடங்குற இடம். அவங்க அம்மா பின்னாடி இருந்து “போன்ல எதுக்குடி காலைக் காட்டுற”ன்னு கேட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

நான் டாக்டர் இல்ல. ஆனா இந்த விவரத்தை எந்த எலும்பு டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ சொன்னாலும் அவங்க வாயில முதல்ல வர்ற பேர் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ். குதிகால் எலும்புல இருந்து விரல்கள் வரைக்கும் உள்ளங்கால் அடியில ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுது. வில்லுக்கு நாண் மாதிரி. அது எலும்புல ஒட்டுற இடத்துல நைஞ்சு போறதுதான் இந்த வலி. ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்திருக்கும், நார் சுருங்கியிருக்கும். காலையில திடீர்னு எடையைப் போட்டு இழுத்தா வலிக்காம என்ன செய்யும்?

இப்ப யோசிச்சுப் பாருங்க. அவங்க ஃபில்லர் போடச் சொன்னது முன்பாத மேட்டுல. நைஞ்ச இடம் குதிகால் பக்கம். தலைவலிக்குக் கழுத்துல தலையணை கட்டின கதை. அதுலயும் ஹீல்ஸ் போட்டா கெண்டைக்கால் தசை சுருங்கியே பழகும், அது இந்த நாரை இன்னும் இழுக்கும். அப்ப அந்த மெத்தை எதைச் சுகமாக்குது? வலியை உண்டாக்குற செருப்பை இன்னும் நாலு மணி நேரம் போட்டுக்கிறதை.

இதுக்கு வைத்தியம் சலிப்பானது. அதனாலதான் யாரும் ரீல்ஸ் போடுறதில்ல. கட்டில்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடி கால் விரல்களைக் கையால முகத்துப் பக்கமா இழுத்துப் பத்து எண்ணுறது, பத்து தடவை. சுவத்துல கை வச்சு, ஒரு காலைப் பின்னாடி நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாம கெண்டைக்காலை நீட்டுறது. வீட்டு டைல்ஸ் தரையில வெறுங்காலோட நடக்காம மெத்துன்னு ஒரு செருப்பு. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு, உள்ளங்காலுக்கு அடியில உருட்டுறது. பத்துல எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள இதுலயே சரியாகிடும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. ஒரு வருஷம்னதும் அவ பெருமூச்சு விட்டா. புரியுது. கல்யாணம் ஒரு வருஷம் காத்திருக்காது.

எக்ஸ்ரே எடுத்து “எலும்பு வளர்ந்திருக்கு”ன்னு சொன்னா பயந்துடாதீங்க. குதிகால் முள் வலியே இல்லாத பல பேருக்கும் இருக்கும்.

ஸ்டீராய்டு ஊசி? வேலை செய்யும், சில வாரங்களுக்கு. வேற எதுலயும் அடங்காத வலிக்கு, தெரிஞ்ச டாக்டர் யோசிச்சு ஒரு தடவை போடுறதுல தப்பில்ல. திரும்பத் திரும்பப் போட்டா ரெண்டு ஆபத்து: அந்த நார்ப்பட்டை அறுந்து போகலாம், முன்னாடி சொன்ன சாத்துக்குடி மெத்தை மெலிஞ்சு போகலாம். மெத்தை போன குதிகால்ல நடக்கிறது கல்லு மேல எலும்பால நடக்கிற மாதிரி. அதுக்கப்புறம் யாராவது ஃபில்லர் விக்க வருவாங்க. பிஆர்பின்னு நம்ம ரத்தத்தையே சுழற்றிப் பிரிச்சுப் போடுறது ஒண்ணு இருக்கு. அதுல ஆய்வு முடிவுகள் கலந்துதான் வருது. போட்டாக்ஸ் உள்ளங்கால்ல அதிகமா வியர்க்கிறவங்களுக்குப் போடுறாங்க, சில மாசம் தாங்கும். ஈசிஆர் காத்துல செருப்பு வழுக்குற அளவுக்கு வியர்க்கிறவங்களுக்கு அது நிஜமான உதவி. ஆனா உள்ளங்கால்ல ஊசின்னா வலி கொஞ்சநஞ்சம் இல்ல, நரம்பை மரத்துப் போக வச்சுட்டுத்தான் பெரும்பாலும் போடுவாங்க. அதுக்கு முன்னாடி அலுமினியம் குளோரைடு லோஷன் மாதிரி எளிமையான வழிகள் இருக்கு. அதை முதல்ல கேளுங்க.

யார் போடுறாங்கங்கிறதும் முக்கியம். அழகியல் சிகிச்சையை யூடியூப் பார்த்தோ, ஆபரேஷன் தியேட்டர்ல நின்னு பார்த்தோ கத்துக்கிட்டது பயிற்சி ஆகாதுன்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே எழுதி வெளியிட வேண்டி வந்துச்சு. அதை எழுத வேண்டிய நிலைமை வந்திருக்குன்னா, நாம படிப்பு என்னன்னு கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

இப்ப அம்மா.

“அம்மாவுக்குக் கால்ல என்ன தொந்தரவு?”

“முன்னாடி எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, எரியுதுன்னு ராத்திரி எல்லாம் புலம்புவாங்க அக்கா. இப்ப ஒரு வருஷமா ஒண்ணும் சொல்றதில்ல. போன வாரம் கோயிலுக்குப் போயிட்டு ஒரு கால்ல மட்டும் செருப்போட வீட்டுக்கு வந்தாங்க. இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னே தெரியல. நாங்க எல்லாரும் சிரிச்சோம்.”

நான் சிரிக்கல. செருப்பு கழண்டது தெரியாத கால்ங்கிறது சர்க்கரை நரம்பைத் தின்னுட்டு இருக்குங்கிறதுக்கான அடையாளம். அவங்களுக்கு வலி குணமாகல. வலியைச் சொல்ற கம்பிதான் அறுந்திருக்கு. ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வு 2023ல வெளியிட்ட கணக்குப்படி நம்ம நாட்டுல சர்க்கரை நோயோட இருக்கிறவங்க 10.1 கோடி பேர். இதைக் கேக்கிறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுல ஒருத்தராவது இருப்பாங்க.

வலி இல்லாத பாதம் என்ன செய்யும்ங்கிறதை உலகத்துக்குப் புரிய வச்ச இடங்கள்ல ஒண்ணு இந்தப் பொண்ணோட வீட்டுல இருந்து ஆட்டோ தூரத்துல இருக்கு. செங்கல்பட்டு பக்கத்துல திருமணி. அங்க மத்தியத் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 1924ல லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமா ஆரம்பிச்சது. 1955ல மத்திய அரசு எடுத்துக்கிச்சு. அந்தப் பக்கம் ரயில்ல போற பலருக்கும் அது என்ன இடம்னே தெரியாது.

1940கள் கடைசியில, வேலூர் சிஎம்சிக்குப் புதுசா வந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இந்த இடத்தைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில 1914ல பிறந்தவர், மிஷனரி வீட்டுப் பிள்ளை. அழைச்சுட்டு வந்தவர் ராபர்ட் காக்ரேன், தோல் மற்றும் தொழுநோய் நிபுணர். அங்க இருந்தவங்களோட மடங்கின விரல்களைப் பார்த்துட்டு ஏன் இப்படி ஆகுதுன்னு பிராண்ட் கேட்க, “எலும்பு டாக்டர் நீங்கதானே, நீங்க சொல்லுங்க”ங்கிற மாதிரி காக்ரேன் திருப்பிக் கேட்டாராம். பிராண்ட் ஒரு நோயாளியோட கைக்குள்ள தன் கையை வச்சு, அழுத்திப் பிடிங்கன்னார். அந்த மனுஷன் பிடிச்ச பிடியில பிராண்டுக்கு வலி தாங்கல. அப்பதான் உறைச்சுது: விரல்களை இயக்குற நல்ல தசைகள் அப்படியே இருக்கு, பிடிக்கிற கைக்கு எவ்வளவு அழுத்துறோம்னுதான் தெரியல. அங்க இருந்துதான் அவரோட பிந்தைய வேலையெல்லாம் கிளை விட்டுச்சு.

கையை விட, கால் அவருக்குப் பெரிய தலைவலியா இருந்துச்சு. தொழுநோய்ல சதை தானாவே அழுகி விழும்னுதான் அதுவரைக்கும் பலரும் நம்பினாங்க. அவரும் கூட வேலை செஞ்சவங்களும் பார்த்தது வேற. பாதத்துப் புண்கள் எல்லாம் உணராத காயங்கள். அதுவும் கண்ணாடி குத்தினது, தீ சுட்டது மட்டும் இல்ல. வெறும் நடைதான். நாம ரெண்டு கிலோமீட்டர் நடந்தா நமக்கே தெரியாம நடையை மாத்துவோம். இந்தப் பக்கம் சூடாகுதா, எடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுவோம். லேசா நொண்டுவோம். ஒரு மைல்கல்லுல உட்காருவோம். இதையெல்லாம் செய்யச் சொல்றது வலி. அது இல்லாத மனுஷன் முதல் அடியை எப்படி வச்சாரோ அதே மாதிரி பத்தாயிரமாவது அடியையும் அதே புள்ளியில வைப்பார். சாதாரண அழுத்தம்தான். ஆனா ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை. உள்ளுக்குள்ள சதை நைஞ்சு, மேல தோல் நல்லா இருக்கும்போதே அடியில புண் தயாராகும்.

இதுக்கு அவங்க கண்ட தீர்வுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. காலுக்குள்ள எதையும் போடல. காலுக்கு வெளியில போட்டாங்க. எம்.சி.ஆர். செருப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மைக்ரோசெல்லுலார் ரப்பர். ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னக் காத்தறைகள். நல்ல இட்லியை விரலால அழுத்தினா உள்ள போகும், விட்டா மேல வரும், அடிவரைக்கும் நசுங்கிச் சப்பையாகாது பாருங்க, அது மாதிரி. சாதாரண ஸ்பாஞ்ச் செருப்பு சீக்கிரம் தட்டையாகிடும். எம்.சி.ஆர்ல எடை ஒரே புள்ளியில குவியாம பாதம் முழுக்கப் பரவும். சாத்துக்குடி மெத்தையோட வேலையை வெளியில இருந்து செய்யுது. தேய்ஞ்சா கழட்டிப் போட்டுட்டு வேற வாங்கலாம், ஊசியில போட்ட ஜெல்லை அப்படிச் செய்ய முடியாது. தொழுநோயால கால் மரத்தவங்களுக்கு அரசுத் திட்டத்துல இந்தச் செருப்பு கொடுக்கிறாங்க. அதே யோசனை பிறகு சர்க்கரை நோய்க்கும் வந்துச்சு. ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையும் அடையார் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்புகள்ல வேலை செஞ்சிருக்காங்க.

1966ல பிராண்ட் அமெரிக்காவுல லூசியானா மாநிலத்து கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். கால் உணர்வைச் சோதிக்க ஒரு நைலான் இழை இருக்கு. 10 கிராம் விசையில வளையுற மாதிரி செஞ்சது. இன்னைக்கு உலகம் முழுக்க சர்க்கரை கிளினிக்ல மேசை மேல கிடக்குற அந்த இழைக்கு, அந்த 10 கிராம் அளவு கார்வில்ல உணர்வு இழந்த பாதங்களைச் சோதிச்சதுல இருந்து வந்தது. சோதனை ரெண்டு நிமிஷம்தான். கண்ணை மூடச் சொல்லுவாங்க. உள்ளங்கால்ல சில இடங்கள்ல அந்த இழையை வளையுற அளவுக்குத் தொடுவாங்க. தொடும்போது ‘ஆமா’ன்னு சொல்லணும். சொல்லலைன்னா, அங்க பாதுகாப்பு உணர்வு போச்சு.

நம்ம தோழிக்கு நான் இதைத்தான் சொன்னேன். “உன் கால்ல ஃபில்லர் போட்டா அதிகபட்சம் பணம் போகும், கட்டி வரும், வலிக்கும், வலிச்சா நீ டாக்டர்கிட்ட போவ. அம்மா கால்ல அதே ஊசி துளை வழியா கிருமி போனா யார் சொல்லுவாங்க? அந்தக் கால் சொல்லாதே.” சர்க்கரைக்காகக் கால் எடுக்க வேண்டி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கதை ஒரு சின்னப் புண்ல இருந்துதான் தொடங்குது. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. “நான் அவங்களுக்கு நல்லது பண்றேன்னுதான் அக்கா நினைச்சேன்.” தெரியும்மா. அதனாலதான் அந்த மாதிரி விக்கிறாங்க.

போன ஞாயித்துக்கிழமை நான் மாமல்லபுரம் போயிருந்தேன், இந்த எபிசோடுக்காகத்தான்னு சொல்லிக்கிட்டேன், உண்மையில மீன் சாப்பிட. செங்கல்பட்டுல இருந்து போற வழியில திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேல படி. வெயில்ல வெறுங்காலோட ஏறி இறங்குறவங்கள்ல வயசான அம்மாக்கள்தான் அதிகம். அதுல எத்தனை பேருக்கு அந்தக் கல்லோட சூடு தெரியும்னு எண்ண ஆரம்பிச்சுட்டேன். உங்க வீட்டுப் பெரியவங்க சுகரோட மலை ஏறுறாங்கன்னா, வேண்டுதலை நிறுத்தச் சொல்லல, காலுக்குச் சாக்ஸாவது போடுங்க, காலை நேரத்துல போங்க, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்க உட்கார்ந்து பாருங்க. விரல் இடுக்கு உட்பட. மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். ஒத்தைக் கால்ல நின்னு தவம் பண்ற முனிவர். கொஞ்சம் கீழ, அவரைப் பார்த்து ரெண்டு கால்ல நின்னு தவம் பண்ற பூனை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல நிக்குதுங்க. அந்தப் பூனையோட குதிகால் நார் என்ன நிலைமையில இருக்குமோ.

அந்த ஊர்ல சிற்பக் கூடங்கள் ரோட்டோரமாவே இருக்கு. ஒருத்தர் தரையில சம்மணம் போட்டு உளியோட உட்கார்ந்திருந்தார். சுத்திலும் கல் சிதறல். கணுக்கால் பக்கம் தோல் யானைத் தோல் மாதிரி தடிச்சிருந்துச்சு. வலிக்காதாண்ணான்னு கேட்டேன். “வலிச்சா மாத்தி உட்காருவேம்மா”ன்னார். கேள்வியே தப்புங்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்புறம் என்ன ஆச்சு? அம்மாவை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. ரெண்டு கால்லயும் சேர்த்து நாலு இடத்துல அவங்க ‘ஆமா’ சொல்லல. இடது பெருவிரலுக்கு அடியில ஒரு தடிப்பு, அது அடியில ரத்தம் கட்டியிருந்துச்சாம். வீட்டுல யாருக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. அதைச் சீவி எடுத்துக் கட்டு போட்டு, செருப்புக்கு அளவு எடுத்திருக்காங்க. செருப்பு கருப்பு கலர்ல வந்ததுல அம்மாவுக்கு வருத்தம். கல்யாணத்துக்குப் பட்டுப் புடவைக்குக் கீழ இதையா போடுறதுன்னு. பொண்ணு அதுக்குத் தங்கக் கலர்ல வார் தைக்கச் சொல்லி ஒரு ஆளைப் பிடிச்சிருக்கா.

அவளோட கதை? முகூர்த்தத்துக்கு எப்படியும் வெறுங்கால்தானே, மண்டபத்துல யார் ஹீல்ஸ் போடப் போறாங்க. ரிசப்ஷனுக்கு ஹீல்ஸை விட்டுட்டு ரெண்டு விரல் உயரத்துக்கு அகலமான அடி வச்ச செருப்பு எடுத்திருக்கா. மணமகன் கொஞ்சம் உயரம், போட்டோகிராஃபர் படியில நிக்க வச்சுச் சமாளிக்கிறேன்னு சொல்லிட்டாராம். காலையில கட்டில்ல உட்கார்ந்து விரலை இழுக்குறது ஆறு வாரமா நடக்குது. நேத்து வந்த மெசேஜ் இது, அப்படியே படிக்கிறேன்: “அக்கா, அம்மி மிதிக்கிறதை வீட்டுல ஒத்திகை பார்த்தோம். வலது கால்தான், வலிக்கிற கால். கல்லு சில்லுன்னு இருந்துச்சு. கொஞ்சம்தான் வலிச்சுது.”